ஜவளகிரிப் புல்மேட்டில் ஐம்பத்தெட்டு நாழிகைப்பூ

அனுப்புநர்:
ரா. அன்னமேரி,
க/பெ. காலஞ்சென்ற வாட்சர் ராயப்பன்,
ஜவளகிரி, ஓசூர் தாலுகா.

பெறுநர்:
உயர்திரு வன அதிகாரி அவர்கள்,
ஓசூர்.

பொருள்: புல்மேட்டில் நாழிகைப்பூச் செடி ஒன்றுகூட இல்லை என்று எழுதப்பட்டதை மறுத்தும், உழவை நிறுத்தக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் பக்கத்தில் ஊருக்கு மேற்கேயுள்ள புல்மேட்டில் மட்டும், புரட்டாசி மழைக்குப் பின் நாழிகைப்பூ பூக்கிறது. காலை எட்டுக்கு விரிந்து பதினோரு மணிக்கெல்லாம் சுருண்டுவிடும். சுருண்டபின் புல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. செடிக்கு ஒரு பருவம்தான் ஆயுள். விதை விழுந்தால்தான் மறுவருடம் உண்டு. இதை ஆண்டுதோறும் எண்ணி எழுதும்படி 1961-ல் என் கணவருக்கு உத்தரவானது.

2. மேட்டின் குறுக்கே கயிற்றைப் போட்டு, ஆளுக்கொரு முனை பிடித்து நகர்வோம். செடிக்கு ஒரு கூழாங்கல் வைப்போம். அவர் எண்ணைச் சொல்வார், நான் திருப்பிச் சொல்வேன். முடிந்ததும் கற்களைப் பொறுக்கி, அவற்றையும் ஒருமுறை எண்ணி எடுத்து வந்துவிடுவோம். கல் கிடந்தால் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் செடியை மிதித்துவிடுவார்கள்.

3. 1966-ல் அவர் காலமானார். வேலையை என்னிடமே விட்டார்கள். கயிற்றின் மறுமுனையை இப்போது முளைக்குச்சியில் கட்டிக்கொள்கிறேன். எண்ணை நானே சொல்லி நானே திருப்பிச் சொல்கிறேன். ஊரார் பூப்பைத்தியம் என்கிறார்கள், அதில் வருத்தமில்லை. அவ்வளவு பெரிய மேட்டில் என் குரல் மட்டும் கேட்பதைத்தான் தாங்க முடியவில்லை.

4. இம்மாதம் 14-ஆம் தேதி காலை எண்ணியதில் ஐம்பத்தெட்டுச் செடிகள். சென்ற வருடம் நூற்றிருபது. அன்று மாலை நான்கு மணிக்குப் புதிய தணிக்கை அதிகாரி ஜீப்பில் வந்தார். கற்களை நான் எடுத்துவிட்டிருந்தேன். அது என் தவறு. அவர் வருவது தெரிந்திருந்தால் விட்டுவைத்திருப்பேன். மூடிய பூவைக் குனிந்து காட்டினேன். அவர் குனியவில்லை. “இதெல்லாம் புல்லும்மா” என்று சொல்லிவிட்டு, செடி இல்லை என்று பதிவேட்டில் எழுதினார். மாலையில் வந்து பார்த்துவிட்டு, இந்த ஊரில் காலைப் பூசையே நடப்பதில்லை என்று எழுதுவது போன்றது இது. அந்த ஐம்பத்தெட்டுக் கற்களும் தகர டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன.

5. அந்த ஒரு வரியை வைத்து, வரும் 28-ஆம் தேதி மேட்டை உழுது தைல மரக்கன்று நட உத்தரவாகியிருக்கிறது. விதை முற்றி விழக் கார்த்திகைக் கடைசி ஆகும். இப்போது உழுதால் அடுத்த வருடம் எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது. மேட்டுக்குப் போக எனக்கும் ஒரு காரணம் இருக்காது.

6. ஆகவே விதை விழும்வரை உழவை நிறுத்திவைக்க வேண்டுகிறேன். அதற்குமுன் தாங்களோ தங்கள் ஆள் ஒருவரோ ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு மேட்டுக்கு வர வேண்டும். கயிற்றின் மறுமுனையைப் பிடித்தால் போதும். நான் எண்ணைச் சொல்கிறேன். வருகிறவர் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லட்டும்.

இடம்: ஜவளகிரி
தேதி: 21-10-1968

தங்கள் வருகையை எதிர்பார்த்திருக்கும்,
ரா. அன்னமேரி