ஒன்பதாம் எண்ணுக்கு உரிய ஸ்கேன்

அனுப்புநர்:
இணைப் பேராசிரியர், புள்ளியியல் துறை,
மகளிர் கல்லூரி.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசு பொது மருத்துவமனை.

பொருள்: ஸ்கேன் வரிசையில் முறைகேடு – என் மீதே புகார் – பாதிக்கப்பட்டவருக்கு உடனே ஸ்கேன் எடுக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஜூலை 8 அன்று என் அம்மாவை முதுகுவலிக்காகத் தங்கள் ஸ்கேன் பிரிவுக்கு அழைத்து வந்தேன். எங்கள் எண் 31. தங்கள் அலுவலகத்தில் பணிபுரியும் என் சித்தப்பா மகனிடம் முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன். எட்டாம் எண் முடிந்ததும் அம்மாவை அழைத்தார்கள்.

2. என் பக்கத்தில் ஒரு தையல்காரப் பெண்மணி, ஒன்பதாம் எண் சீட்டோடு உட்கார்ந்திருந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் மரத்துப்போயிருந்தன. "அடுத்தது நான்தானேம்மா?" என்று, படித்தவள் என நம்பி என்னைக் கேட்டார். "தெரியலையேம்மா" என்றேன். தெரியும்.

3. அம்மாவுக்கு எடுத்து முடித்ததும் இயந்திரம் பழுதாயிற்று. அம்மாவுக்கு வயதுக்குரிய தேய்மானம் தவிர ஒன்றுமில்லை. ஐந்து வாரம் கழித்து, பழுது நீங்கியதும், புதிய வரிசை போட்டார்கள். விடுபட்டவர்கள் மறுபடி பெயர் கொடுக்க வேண்டுமாம். அந்தத் தையல்காரப் பெண்மணிக்குக் கிடைத்த தேதி அக்டோபர் 27.

4. சென்ற வாரம் அவர் கடைக்குப் போனேன். தற்செயலாக அல்ல, தேடித்தான் போனேன். இப்போது அந்தக் கையில் கத்தரிக்கோல் நிற்பதில்லை. "மெஷின் கெட்டதுக்கு யார நோகறது? உங்கம்மா எப்படி இருக்காங்க?" என்றார். நலம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

5. தனியாரிடம் ஸ்கேன் எடுக்க அவரிடம் காப்பீட்டு அட்டை உண்டு. உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் அது செல்லும். சேர்ப்பதற்கு ஸ்கேன் முடிவு வேண்டும். இந்த விதியை எழுதியவர் எந்த வரிசையிலும் நின்றிருக்க மாட்டார். நானும் நிற்கவில்லை என்பதால் மேலே பேசும் தகுதி எனக்கில்லை.

6. செப்டம்பர் 12 அன்று என் அம்மாவுக்குத் தேவையே இல்லாத மறுபரிசோதனைக்கு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. அதை அந்த ஒன்பதாம் எண்காரருக்குத் தரவேண்டும். அம்மாவின் சம்மதக் கடிதம் இணைத்துள்ளேன். கையெழுத்திடும்போது, "அன்னிக்கே சொல்லியிருந்தா நான் உக்காந்திருக்க மாட்டேனாடி?" என்று மட்டும் கேட்டார்.

7. முறை தவறி அழைக்கப்படுவோரின் எண்ணும் காரணமும் சுவரில் ஒட்டப்பட வேண்டும். விசாரணைக் குழுக்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. நானே மூன்றில் உறுப்பினர். ஆயினும் குழு அமைத்தால், செய்துகொடுத்தவனுக்கு முன் கேட்டவளை விசாரியுங்கள்.

12ஆம் தேதிக்கு ஒன்பது நாளே உள்ளது. அதற்குள் ஆணையிட வேண்டுகிறேன்.

இடம்: மருத்துவமனை வளாகம்
நாள்: செப்டம்பர் 3

இவண்,
(ஒப்பம்)
31ஆம் எண்ணின் மகள்

நகல்: ஒன்பதாம் எண் சீட்டு வைத்திருந்தவருக்கு. இன்று மாலை, அவர் கடையில், நானே படித்துக் காட்டுவேன்.