படகு பெயிண்ட் அடித்த கிதார்

அன்புள்ள நைனாவுக்கு,

ஷார்ஜாவிலிருந்து டெரன்ஸ் எழுதுவது. இருமல் குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம்.

கிதார் போட்டோவும் உங்கள் வாய்ஸ் மெசேஜும் வந்தன. "டெரன்சு, கிதாரு விரிசல் வுட்டுகினு இருந்திச்சு. படகுக்கு வாங்குன பெயிண்ட் மீந்துச்சா, அடிச்சிட்டேன். புச்சு மாரி கீது பாரு!" காசிமேட்டில் படகுக்குப் பெயிண்ட் அடிக்கிற கை எதைத்தான் விட்டுவைத்தது? இனி அது கடலில் மிதக்கும், பாடாது.

இங்கே என் பிழைப்பே கிதார் ரிப்பேர்தான். யார் யாருடைய கிதார் விரிசலிலோ வார்னிஷைச் சொட்டுச் சொட்டாக விட்டு, காய்ந்ததும் தடம் தெரியாமல் தேய்க்கிறேன். நம் கிதாரில் இருந்த பள்ளத்தை மட்டும் நான் தொட்டதே இல்லை. கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடப் போகும் கேரல் ரவுண்டில் அம்மா மோதிரம் போட்ட விரலால் தாளம் தட்டித் தட்டி விழுந்த பள்ளம் அது. அம்மா போன பிறகும் இருந்தது. அதையும் பட்டி வைத்து அடைத்துவிட்டீர்கள்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கும் பெயிண்ட் அடிப்பீர்கள். சமையலறைச் சுவரில், அம்மா தலை சாய்த்து உட்காரும் இடத்தில், எண்ணெய்க் கறை இருக்கும். நான் வரும்வரை அதை மட்டும் விட்டுவையுங்கள்.

கடையில் கூப்பிடுகிறார்கள்.

டெரன்ஸ்