அம்மாவின் வாழ்க்கைக் குறிப்பு

ஓசூர்
12.10.2025

கிறிஸ்துவுக்குள் அன்பான அக்காவுக்கு, தம்பி விமல்ராஜின் ஸ்தோத்திரம்.

நீயும் மாமாவும் சுகமா? போனில் என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். வேறு வழியில்லாமல் பேனா எடுத்தேன். என் கோணல் எழுத்தைப் பார்த்து மாமா சிரிப்பார், சிரிக்கட்டும்.

டிசம்பர் ஏழாம் தேதி வந்தால் அம்மா போய் ஒரு வருஷம். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்ததும் திருவண்ணாமலை சபையிலேயே நினைவு ஜெபம் வைக்கப் போதகரிடம் கேட்டிருக்கிறேன். கார்த்திகை தீபத்துக்கு வரும் கூட்டம் அப்போதும் கலைந்திருக்காது, லாட்ஜில் இடம் கிடைக்காது. வேங்கிக்காலில் உன் வீட்டில்தான் வந்து விழவேண்டும். கதவைத் திறப்பாயா?

நான் என்ன செய்தேன் என்றாவது சொல்லு அக்கா. அம்மாவை அடக்கம் செய்த நாளிலிருந்து நீ என்னோடு பேசவில்லை.

உன் தம்பி
விமல்

வேங்கிக்கால்
21.10.2025

தம்பி விமலுக்கு,

சுகம்தான். மாமா சிரிக்கவில்லை. உன் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, “பாவம், பதில் எழுதிப் போடு”ன்னார்.

என்ன செய்தாயா? அடக்க ஆராதனையில் அம்மாவின் வாழ்க்கைக் குறிப்பை நீதான் வாசித்தாய். “கடைசிக் காலத்தில் ஓசூரில் மகன் விமல்ராஜோடு சந்தோஷமாக இருந்தார்” என்று வாசித்தாய். எட்டு வருஷம் அம்மாவைக் குளிப்பாட்டித் தலைவாரி விட்டவள் நான். சபையே திரும்பி என்னைப் பார்த்தது.

இன்னொன்றும் சொல்கிறேன். கடைசி இரண்டு வருஷம் அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. சோறு பிசைந்து எடுத்துப்போனால், “விமலு, வந்துட்டியா? ஆபீஸ்ல வேலை ஜாஸ்தியாடா?” என்பார்கள். “கம்மிதாம்மா, நீ சாப்பிடு” என்பேன். அப்போதுதான் வாயைத் திறப்பார்கள். மகள் மணிமொழி எங்கே என்று ஒருநாளும் கேட்கவில்லை. ஆராதனையிலும் உன் பெயர்தான் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்?

ஒரு வருஷமாகத் திருவிருந்துக்கும் போகவில்லை. இந்தக் கசப்பை மனதில் வைத்துக்கொண்டு அந்த அப்பத்துக்கு எப்படிக் கை நீட்டுவது?

மணிமொழி

ஓசூர்
1.11.2025

அன்புள்ள அக்கா,

அன்றைக்கு நான் வாசித்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்தைப் பார். நான் எழுதியதல்ல. அம்மாவே எழுதித் தன் வேதாகமத்துக்குள் வைத்திருந்தது. கீழே தேதி இருக்கிறது, 2015 ஆகஸ்ட். அப்போது என்னோடு இருந்தார்கள், அடுத்த வருஷம்தான் உன்னிடம் வந்தார்கள். “நான் போனா இதத்தான் படிக்கணும், ஒரு எழுத்து மாத்தக் கூடாது”ன்னு சொல்லியிருந்தார்கள். அன்றைக்குக் கண்ணில் தண்ணீர். என்ன வாசிக்கிறேன் என்றே தெரியாமல் வாசித்துவிட்டேன். உன் கடிதம் வந்த பிறகுதான் எடுத்துத் தேதியைப் பார்த்தேன். தப்பு என்னுடையது. மன்னித்துவிடு.

ஆனால் அம்மா என்னைக் கூப்பிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது அக்கா. நான் வந்தபோதெல்லாம், “யாருப்பா நீ, கேஸ் சிலிண்டர் போட வந்தியா?”ன்னுதான் கேட்டார்கள். அதைத் தாங்க முடியாமல் வருவதையே குறைத்துக்கொண்டேன். அம்மா என்னை மறந்துபோனார்கள் என்று நினைத்தே அழுதிருக்கிறேன்.

தாளின் அடியில் நாலு விரல் இடம் இருக்கிறது. அந்த எட்டு வருஷத்தை நீ எழுது. ஏழாம் தேதி சபையில் வாசிக்கலாம். மாற்றத்தான் கூடாது என்றார்கள், சேர்க்கக் கூடாது என்று சொல்லவில்லை.

விமல்

வேங்கிக்கால்
10.11.2025

என் அன்புத் தம்பிக்கு, ஸ்தோத்திரம்.

தாள் வந்தது. அம்மாவின் எழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வார்த்தை உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்காமல் வருஷம் முழுக்க வயிறெரிந்தேன். நீயும் என்னை மன்னித்துக்கொள். நேற்று திருவிருந்துக்குப் போனேன். மனசு லேசாக இருக்கிறது.

ஆறாம் தேதியே வீட்டுக்கு வந்துவிடு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காது, மாமா பஸ் ஸ்டாண்டில் வண்டியோடு வந்து நிற்பார்.

எட்டு வருஷத்தையும் எழுத உட்கார்ந்தேன். பக்கம் பக்கமாக வரும் என்று பார்த்தால் இவ்வளவுதான் வந்தது:

“கடைசி எட்டு வருஷம் மகள் மணிமொழியின் வீட்டில் இருந்தார். மகன் விமல்ராஜ் தன் கையால் ஊட்டிவிடுகிறான் என்ற சந்தோஷத்தோடு கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.”

இதை நீயே வாசி.

உன் அக்கா
மணிமொழி