பொறந்ததுலேருந்து இங்கதாங்க

முன்பக்கத்தில் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். ஈரச் சுண்ணாம்பின் வாசனை கதவிடுக்கு வழியாக என் அறைவரை வந்துவிட்டது. உங்கள் டிஸ்பென்சரியை வாடகைக்கு எடுத்திருக்கும் இளம் டாக்டர் காலையில் வந்து, "அடுத்த கிழமை இன்ஸ்பெக்ஷன் வருதும்மா. தூசி பறந்தா கோவிச்சுக்காதீங்க" என்றார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்து போய், ஸ்டூலில் ஏறி, கதவு நிலையின் மேல்விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தேன். விரல் கறுத்தது. அதை அவரிடம் காட்டிவிட்டுத் திரும்பினேன்.

உள்ளே வந்து, சுத்தமாக இருந்த போத்தல்களையே மறுபடி தேய்க்கத் தொடங்கினேன். சமையல்காரியிடம் தூசி என்று சொன்னேன். சுவரில் படமாக இருக்கும் உங்களிடம் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது.

பல வருஷங்களுக்கு முன்பு, அன்றைக்கும் இதே வாசனைதான். எங்கோ ஓர் ஊரில் ஊசி போட்ட இடம் சீழ் வைத்து ஒரு மனிதர் இறந்துபோனார். அதனால் மலையில் உள்ள தனியார் டிஸ்பென்சரிகளையெல்லாம் அரசாங்க டாக்டர் ஒருவர் நேரில் பார்க்க வருகிறார், குறை கண்டால் பூட்டுப் போட்டுவிடுவார் என்று கடைவீதி முழுக்கப் பேச்சு. தோட்டத்து ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு வந்து நீங்கள் திறந்த இடம் அது. அதைப் பூட்டினால் நாம் திரும்பிப் போக ஓர் இடமில்லை. இலங்கைப் பிரஜைகளாக ஏற்கச் சொல்லி நாம் போட்ட பிரஜாவுரிமை மனுவுக்கும் அப்போது பதில் வந்திருக்கவில்லை. நாடும் நிச்சயமில்லை, தொழிலும் நிச்சயமில்லை. என்னால் செய்ய முடிந்தது தேய்ப்பது ஒன்றுதான்.

தேய்த்தேன். மருந்துப் போத்தல்களைத் தேய்த்தேன், அளவுக் கண்ணாடியைத் தேய்த்தேன். நோயாளிகள் மிக்ஸர் என்ற தண்ணீர் மருந்து வாங்கக் கொண்டுவரும் சாராயப் போத்தல்களையும் வாங்கிக் கொதிநீரில் போட்டேன். ஊசிகளை நீங்கள் ஒரு தடவை கொதிக்கவைத்தால் நான் மறுபடியும் கொதிக்கவைத்தேன். "சிஸ்டர், செவுத்தையும் பேத்து எடுத்துச் சட்டியில போட்டுருவீங்களா?" என்றீர்கள். கொன்வென்டில் படித்தவள் என்பதற்காக நீங்கள் எனக்கு வைத்த பெயர் அது. விஷ மருந்து அலமாரியின் சாவி உங்கள் பையில் இருக்கிறதா என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் காற்சட்டை, தொப்பி, கையில் தடித்த பேனா. அலமாரியைப் பூட்டித் திறந்து பார்த்தார். லேபிள்களை வாசித்தார். நிலையின் மேல் விரலை ஓட்டி, தூசி ஒட்டாத விரலைப் பார்த்து, "இதை ஆர் துடைச்சது?" என்று கேட்டார். எனக்கு மூச்சு வந்தது.

அப்புறம் மூலையில் இருந்த திரையை விலக்கினார். கட்டிலில் மாரியாயி படுத்திருந்தாள். மேல்தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்பவள். காலையில் காய்ச்சலோடு வந்தவளை, மத்தியானம் லொறி வரும்வரைக்கும் படுத்திரு என்று நீங்கள்தான் படுக்கவைத்திருந்தீர்கள். தொப்பியையும் பேனாவையும் கண்டதும் அவள் பதறி எழுந்து கைகூப்பினாள்.

"எவ்வளவு காலமா இஞ்ச இருக்கிறீங்கள்?" என்று அவர் கேட்டார்.

"பொறந்ததுலேருந்து இங்கதாங்க."

அவர் நிமிர்ந்தார். "இடையில வீட்டை போகேல்லையோ?"

"ஒரு நாளும் எங்கயும் போகலீங்க. சாமி சத்தியமா இங்கயேதாங்க இருக்கேன்."

பேனா எழுதத் தொடங்கியது. அவர் உங்கள் பக்கம் திரும்பி, "ஆக்களைக் கிடத்தி வைத்தியம் செய்ய உங்களுக்கு அனுமதி இருக்கோ?" என்றார். அதற்குள் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். "நாங்களும் இங்கதாங்க!" "எம்புள்ளைக எல்லாம் இங்கதாங்க பொறந்துச்சு!" ஒரு கிழவர் தாம் மட்டும் பின்தங்கிவிடக் கூடாதென்று முன்னால் வந்து, "எங்கப்பாவும் இங்கதாங்க செத்தாரு" என்றார்.

எனக்கு அப்போது விளங்கிவிட்டது. பேனாவோடு வருகிற மனிதர் என்றால் அவர்களுக்குப் பிரஜாவுரிமை விசாரணைக்காரர்தான். இடையில் இந்தியாவுக்குப் போய்வந்து விட்டுவிட்டு இருந்தேன் என்று வாய் தவறினால் மனு போய்விடும் என்று தோட்டத்துக் குடியிருப்பில் லயத்துக்கு லயம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் குறுக்கே பேசப் போனேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார். "நீங்கள் கொஞ்சம் பேசாமல் இருங்கோ. நான் வருத்தக்காரரைத்தான் கேக்கிறன்."

மாரியாயியிடமே திரும்பினார். "சரி, இப்ப உங்களுக்கு என்ன வருத்தம்?"

அவர் ஊரில் வருத்தம் என்றால் நோய். மாரியாயிக்கு அது தெரியாது.

"வருத்தம் இல்லாம இருக்குமாங்களா? மனுப் போட்டு எத்தன மழ போயிருச்சு, பதிலே வரல. எந்தம்பிக்கு இல்லைன்னு வந்துருச்சு. எனக்கும் இல்லைன்னு எழுதிப்புடாதீங்க, சாமி."

பேனா நின்றது. "மனுவோ?" என்றார். பெஞ்சைப் பார்த்தார். கைகூப்பி நின்றவர்களைப் பார்த்தார். நீங்கள் மெல்லச் சொன்னீர்கள்: "பேனாவக் கண்டா அவங்களுக்கு ஒரே கேள்விதாங்க ஐயா."

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். மாரியாயியின் நெற்றியில் கையை வைத்து, "காய்ச்சலோ?" என்றார். "ஆமாங்க, காலையிலதான் வந்தேன்" என்றாள். கிழவரும் அவசரமாக, "எங்கப்பா தோட்டத்துல செத்தாருங்க. டாக்டரய்யா மருந்துல இல்ல" என்றார்.

"இந்தக் கட்டிலை எடுத்து வெளியில போடுங்கோ. மிச்சமெல்லாம் துப்புரவு" என்று சொல்லிவிட்டு அவர் புறப்பட்டார். கார் வளைவில் மறையும்வரை பொறுத்திருந்து, நீங்கள் சிரித்தீர்கள் பாருங்கள், அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். அதன்பிறகு மூக்குக்கண்ணாடி எங்கே என்று கேட்டால்கூட, "பொறந்ததுலேருந்து இங்கதாங்க" என்று கைகூப்புவீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு பிரஜாவுரிமை விசாரணைக்கு நம் முறை வந்தது. நுவரெலியாக் கச்சேரி அலுவலகத்துக்கு நீங்கள் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு வந்தீர்கள். தோட்டத்துத் துரைகளிடம் கூச்சமில்லாமல் ஆங்கிலம் பேசியவர் நீங்கள். பஸ்ஸில் என்னிடம் வாக்கியங்களைச் சொல்லிக் காட்டி, பிழை பார்க்கச் சொன்னீர்கள். நான் ஒன்றைத் திருத்தினேன். விசாரணைக்காரர் கடுமையானவர்கூட இல்லை. பேனாவைத் திறந்து, எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறீர்கள் என்று தமிழிலேயே கேட்டார். உங்கள் இரண்டு கைகளும் தாமாகக் கூடின.

"பொறந்ததுலேருந்து இங்கதாங்க."

உங்கள் வாயிலிருந்து வந்தது மாரியாயியின் குரல். பக்கத்து நாற்காலியில் இருந்த நான் தரையைப் பார்த்தேன். திரும்பும் வழியில் டையைக் கழற்றிப் பைக்குள் வைத்தீர்கள். மூடுபனியில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது, "சிஸ்டர், மாரியாயி சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றீர்கள். அதற்குப் பிறகு அந்தக் கேலியை நீங்கள் செய்யவில்லை. பதில் வருவதற்குள் நீங்களும் இந்த மண்ணுக்குள் போய்விட்டீர்கள்.

இப்போது இலங்கை, இந்தியா என்று இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து, யார் இருப்பது யார் போவது என்று நம் ஆட்களைப் பங்கு பிரித்திருக்கின்றன. மாரியாயி போன மாதம் வந்து, இந்தியாவில் எந்த ஊர் தன் ஊர் என்று என்னிடம் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? எனக்கும் விசாரணைக்கு அழைப்பு வந்திருக்கிறது. முன்பக்கத்துக்கு இன்ஸ்பெக்ஷன் வரும் அதே கிழமை, அதே வாரத்தில். தனியாகத்தான் போகவேண்டும்.

ஆங்கிலத்தில் ஒரு பதில் வைத்திருக்கிறேன். தமிழிலும் வைத்திருக்கிறேன். இரண்டையும் கண்ணாடியின் முன் நின்று சொல்லிப் பார்த்துவிட்டேன். இலக்கணப் பிழை இல்லை. ஆனாலும் அந்த அறையில் பேனாவின் மூடி கழலும் சத்தம் கேட்டதும் என் கைகள் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். வாயில் எது வரும் என்றும் தெரியும். வரட்டும். சொல்ல வேண்டியது எனக்கு இன்னும் ஒன்று கூடுதலாக இருக்கிறது. அந்தக் கிழவரைப்போல நானும் முன்னால் போய்ச் சொல்வேன்:

"எங்க வீட்டுக்காரரும் இங்கதாங்க."