ஏச்சுக்கும் ஒரு மார்க்

போகோர், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் பிரமெஸ்திக்கு,

நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், ஹாலந்துக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் தொழுகையில் கேட்கிறோம். இங்கே மழை விட்டபாடில்லை, பின்சுவர் ஊறிக் கிடக்கிறது. போனில் அம்மா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள், அவளுக்குப் பேராசிரியர் பதவி இல்லையென்று ஆகிவிட்டது. சுகெங்குக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆமாம், சதுப்புக் காட்டை எரித்தாலும் ஒரே மழைக்காலத்தில் மண்ணுக்குள் புழுபூச்சியெல்லாம் திரும்பிவிடும் என்று எழுதினானே, அதே மகானுபாவன்தான். இப்போதெல்லாம் ஒருவருடைய கட்டுரையை எத்தனை பேர் தங்கள் கட்டுரையில் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டர் எண்ணிச் சொல்லுமாம், எண்ணிக்கை கூடினால் ஆள் பெரியவனாம். சுகெங்குக்கு மலைபோல் எண்ணிக்கை. மண்ணாராய்ச்சிக்காரர்கள் அத்தனை பேரும் இது தப்பு என்று சொல்வதற்காகவே அவனைக் குறிப்பிடுகிறார்கள், திட்டினாலும் கணக்கில் ஏறிவிடுகிறது. தெருவில் அதிகம் ஏச்சு வாங்கியவனை ஊர்த்தலைவனாக்கின கதைதான்.

பல்கலைக்கழகத்தில் மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்து அவனுக்கு விருந்து வேறு. பாத்திக் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி நின்ற சுகெங், "வூர்யானி அக்கா, நீங்களும் ரெண்டு வார்த்தை வாழ்த்துங்க, நீங்ககூட என் கட்டுரையக் குறிப்பிட்டிருக்கீங்களே" என்று அம்மாவைப் பார்த்து இளித்தான். அம்மா மைக்கை வாங்கி, "ஆமா தம்பி, எரிச்ச எடத்துல வருஷக்கணக்கா தோண்டியும் நீ சொன்ன பூச்சியக் காணோம்னு எழுதினேன். அதுக்கும் உனக்கு மார்க் போட்டுட்டாங்களா? நல்லா இரு" என்றாள். பின்வரிசை மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். துறைத் தலைவர் மட்டும் கொஞ்சமும் கூச்சமில்லாமல், "எப்படிக் குறிப்பிட்டா என்னம்மா, கணக்கு கணக்குதானே" என்றார். இவர்களெல்லாம் படித்தவர்கள்! வீட்டுக்கு வந்த அம்மா உடைகூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள்.

உன் புதுக் கட்டுரையிலும் சுகெங் சொன்னது பிழையென்று எழுதியிருக்கிறாயாமே, அதை எடுத்துவிடு, அந்தப் பயலுக்கு நம் வீட்டிலிருந்து இன்னொரு மார்க் போக வேண்டாம் என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். தோளுக்குப் பின்னால் நின்று படித்த அம்மா, அழுததை எழுதினதற்கு என்னைத் திட்டிவிட்டு, "அவளும் எடுத்துட்டா காட்ட எரிக்கறவனுக்கு யாருங்க பதில் சொல்றது? அவனுக்கு மார்க் ஏறினா ஏறட்டும், புள்ள எழுதட்டும்" என்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது, ஆனாலும் அவள் சொல்வதுதான் சரி. எழுது மகளே. அந்தக் கம்ப்யூட்டர் தவறவிடாதபடி அவன் பெயரையும் பிழையில்லாமல் போடு.

வேளைக்குச் சாப்பிடு, வெளியே போனால் காதை மூடிக்கொள். இறைவன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பான்.

உன் அப்பா
தர்சோனோ