நான்கு முறையும் அதே ஒருத்தி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் நலம். நலம் என்றால் உடம்பு நலம், மற்றதைக் கேட்காதே, கேட்காவிட்டாலும் எழுதத்தான் போகிறேன். நீ அங்கே மூக்கு உடையாமல் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியில் டிரெயினிங் இருக்கும்மா என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, வைத்தாலும் மேஜை மேல் கிடந்து உன்னை முறைக்கும், அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் பேட்டியைப் பார்த்தோம். அதை டிவியில்தான் போட்டுக் காட்டுவேன் என்று உன் அப்பா காலையிலிருந்து ஒயரும் கையுமாக நின்றார், ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ரிப்பேர் செய்கிற மனிதருக்கு வீட்டு டிவி மட்டும் பிடிபடாது. பஸ் அத்தையும் வந்திருந்தாள். உன் பேட்டி என்றதும் ஸ்கூல் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பஸ்ஸை அவசரமாக ஷெட்டில் போட்டுவிட்டு, தலைகூட வாரிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உங்கள் அம்மாவும் பாக்ஸிங் சாம்பியனாமே என்று பேட்டி எடுத்த ஆள் கேட்டார். நீ சிரித்தாய். அம்மா காலத்துல அந்த வெயிட்ல மொத்தமே ரெண்டு பேருங்க, ஒரே ஆளை நாலு தடவை அடிச்சு அம்மா சாம்பியன் ஆயிட்டாங்க, இன்னைக்கு இருக்கிற போட்டியில அதெல்லாம் கணக்கிலயே வராது என்றாய். அவரும் சிரித்தார். உன் அப்பாவும் கூடச் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். அந்த ஒரே ஆள் யாரென்று உனக்குத் தெரியாதா? பேச்சு வந்த நாளிலிருந்து அத்தை அத்தை என்று அவள் மடியில் கிடந்தவள்தானே நீ? அவள் கையில் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தாள். மிச்ச டீயைக் குடித்தாள், கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள், பஸ்ஸுக்குக் காத்தடிக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. போன் செய்தால் எடுக்கிறாள், நல்லா இருக்கேன் நீ நல்லா இருக்கியா என்று கேட்கிறாள். சண்டைக்கு வந்தால்கூடச் சமாளித்துவிடுவேன், அவளோடு சண்டை எனக்குப் பழக்கம். இந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

இதோடு விட்டிருந்தாலாவது போயிருக்கும், உன் அப்பா சமாதானம் பேசக் கிளம்பினார். அவரும் கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரரும் அந்தக் காலத்துச் சாம்பியன் பெரியவனா இந்தக் காலத்துச் சாம்பியன் பெரியவனா என்று வருஷக்கணக்காக மண்டையை உடைத்துக்கொள்வது உனக்குத் தெரியும். இவர், அப்போது பதினைந்து ரவுண்டு, எடை பார்த்த அன்றைக்கே சண்டை, ஒரு எடைக்கு ஒரே சாம்பியன் என்பார். அவர், இப்போதிருக்கிற சாப்பாடும் பயிற்சியும் அப்போது ஏது, இன்றைய பையன் ஒருவன் போய் நின்றால் அந்தக் காலத்து ஆட்கள் மூன்று ரவுண்டு தாங்க மாட்டார்கள் என்பார். அவன் யாரை அடித்தான், அடி வாங்கினவன் அதற்கு முன்னால் யாரை அடித்திருந்தான் என்று போய்க்கொண்டே இருக்கும். செத்துப்போனவர்களையெல்லாம் எழுப்பி மோதவிடுகிறார்கள், இங்கே என் சாப்பாடு ஆறுகிறது. இரண்டு பேரில் ஒருவரும் ஆயுசில் ஒருநாள் கிளவுஸ் மாட்டியதில்லை. இந்த இரண்டு மேதைகளும் சேர்ந்து, எதிராளியின் தரத்துக்கு இவ்வளவு மதிப்பெண், காலத்துக்கு இவ்வளவு கழிவு என்று ஏதோ கூட்டிப் பெருக்கி, அத்தைக்கு மூன்றாவது இடம் என்று முடிவு செய்து, உன் அப்பா அதை ஷெட்டுக்கே போய் அவளிடம் சொல்லிவிட்டு வந்தார். இருந்ததே இரண்டு பேர், எப்படி மூன்றாவது என்று கேட்டேன். ரெண்டாவது இடத்துக்குத் தரம் போதலை, காலியா விட்டிருக்கோம் என்கிறார். இந்த மனிதரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியதற்கே எனக்குத் தனியாக ஒரு சாம்பியன் பெல்ட் தர வேண்டும்.

நீ பெரிய ஆள், உனக்குப் பாடம் எடுக்க வரவில்லை, ஆனால் கணக்கில் வராது என்று சொன்னாயே, எது வராது என்று தெரிந்துகொண்டு சொல். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பயிற்சிக் கூடம், குத்திப் பழக ஒரே மூட்டை, ஒரே மாஸ்டர். அவளுக்குக் காலை, எனக்கு மாலை. மாஸ்டர் ஒருத்தியைப் பற்றி இன்னொருத்தியிடம் வாயே திறக்க மாட்டார். முதல் தடவை அவள் கண்ணை மூடிக்கொண்டு வீசினாள், இரண்டாவது ரவுண்டிலேயே முடித்துவிட்டேன், அதை நீ எவ்வளவு மட்டமாகச் சொன்னாலும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது தடவை பார்த்தால், நான் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அவள் கை எனக்கு முன்னால் அங்கே போய் நிற்கிறது. எப்படி என்று புரியாமலே, உதடு கிழிந்துதான் ஜெயித்தேன். பிறகுதான் தெரிந்தது, காலையில் கூடம் பெருக்குவது அவள் முறை. வழுக்காமலிருக்க ஷூவில் பூசிக்கொள்கிற பொடியில், முந்தின மாலை நான் வைத்த காலடியெல்லாம் தரையில் அப்படியே இருக்கும். பெருக்குவதற்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைப் படித்திருக்கிறாள். அன்றிலிருந்து நான் தரையைத் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன். மூன்றாவது சண்டைக்கு முன்னால் வேண்டுமென்றே துடைக்காமல், பொய்யாக நாலு காலடி வைத்துவிட்டு வந்தேன். பாவி, அதையும் கண்டுபிடித்துவிட்டாள். விலாவைப் பிடித்துக்கொண்டு ஜெயித்தேன். நான்காவதில் மூக்கு போயிற்று, ரெஃப்ரி தூக்கியது என் கைதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. இன்றைக்கும் பால் அடிப்பிடித்தால் உன் அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. நாலு பேரை ஆளுக்கு ஒரு தடவை அடிப்பது வேறு. வேறு நினைப்பே இல்லாமல் வருஷம் முழுக்க உன்னையே படித்துக்கொண்டு வருகிற ஒருத்தியை நாலாவது தடவையும் அடிப்பது வேறு. ஐந்தாவதுக்கும் நாள் குறித்தாயிற்று, அதற்குள் நீ வயிற்றில் வந்துவிட்டாய். சங்கத்துக்காரர்கள் அவளைக் கூப்பிட்டு, போட்டியில்லாமல் நீதான் சாம்பியன், வந்து பெல்ட்டை வாங்கிக்கொள் என்றார்கள். யாரை அடிச்சதுக்கு என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள். வந்தவள் நேரே நம் வீட்டுக்கு வந்து, வாய்க்கசப்புக்கு நல்லதாமே என்று எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். எனக்குக் கோபமெல்லாம் அவளுக்காகத்தான் என்று எழுத நினைத்தேன். பொய் எதற்கு, எனக்காகவும்தான். நீ சிரித்தபோது எனக்கு வலித்தது.

உன் பத்தொன்பது சண்டையையும் பார்த்திருக்கிறேன். உன் கை வேகம் எனக்கு ஏழேழு ஜென்மத்துக்கும் வராது, அதில் குறையே சொல்ல மாட்டேன். ஆனால் பத்தொன்பது பேரும் ஒரு தடவை வந்து, வாங்கிக்கொண்டு, விமானம் ஏறிப் போனவர்கள். உன்னைப் படிக்க அவர்களுக்கு நேரம் ஏது? கடைசியாக வந்த அந்த நெட்டைப் பெண் ஒருத்திதான் உன்னை உலுக்கினாள், மூன்று நடுவர்களில் ஒருவர் அவளுக்குத்தான் கொடுத்தார். அவள் மறுபடி வா என்று கேட்கிறாள். உன் மேனேஜர் வேண்டாம் என்கிறார், நீயும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு, மூன்று வருஷமாகக் கிளவுஸையே தொடாத யாரோ ஒருத்தியோடு மோத இந்த மாதக் கடைசியில் கையெழுத்துப் போடப் போகிறாய். கேட்டால், இது பிசினஸ்மா உனக்குப் புரியாது. நான் ஆஸ்பத்திரி லாண்டரியில் போர்வை மடிக்கிறவள், எனக்குப் பிசினஸ் புரியாதுதான். யார் யாரைப் பார்த்து ஒதுங்குகிறார்கள் என்பது நன்றாகப் புரியும். இந்த லட்சணத்தில் என் எதிராளியைப் பற்றி நீ பேட்டி கொடுக்கிறாய், சல்லடை ஊசியின் ஓட்டையைப் பார்த்துச் சிரித்த கதைதான்.

நேற்று பொறுக்க முடியாமல் வேலை முடிந்து நேரே அவள் வீட்டுக்குப் போனேன். காலில் விழச் சொன்னாலும் விழுந்துவிடுவது என்றுதான் போனேன். கதவு திறந்திருந்தது. பஸ் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் உன் கடைசிச் சண்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு. என்னைப் பார்த்ததும், வந்தியா, இதைப் பாரு, ஆறாவது ரவுண்டுல இருந்து உம் பொண்ணு குத்திட்டு இடது கையைத் தாழ்த்திடறா, அந்தப் பொண்ணு அதைப் பார்த்துட்டா, அவ கண்ணைப் பாரு, அடுத்த தடவை அங்கதான் அடிப்பா, கையைத் தூக்கச் சொல்லு என்றாள். அடுத்த தடவை இல்லடி, இவ மாட்டேன்னுட்டா என்றேன். டிவியை அணைத்தாள். ஏன் என்று கேட்டாள். அவளே ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, நாலு தடவை தோத்தேன், நாலு தடவையும் மறுபடி வான்னு கேட்டேன், நீ ஒரு தடவைகூட மாட்டேன்னு சொல்லலையே, அதனாலதான் நான் உன் வீட்டுக்கு டீ குடிக்க வந்தேன், தோத்தவன்னு நெனச்சுக்கிட்டு வரல என்றாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். எடை பார்த்து முடித்ததும் காய்ந்த மாடு மாதிரி சாப்பாட்டில் விழாதே. கைக்கட்டுத் துணியை ஈரத்தோடு பையில் திணிக்காதே. நீ நூறு வருஷம் கண்ணும் காதும் கெடாமல் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் என்றைக்கும் உனக்கு உண்டு, உன் அப்பா தனியாகவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், எத்தனை மதிப்பெண் என்று சொல்லவில்லை. மாதம் முடிவதற்குள் அந்த நெட்டைப் பெண்ணுக்குச் சரி என்று சொல். அத்தைக்குப் போன் செய், காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு ஷெட்டில் சும்மாதான் இருப்பாள். மன்னிப்பு என்று இழுக்காதே, அவளுக்குப் பிடிக்காது, கையை எங்கே வைக்க வேண்டும் என்று கேள். நெட்டையிடம் தோற்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் இருந்தால் அதையும் அவளிடமே கேள். எனக்கு அது தெரியாது.

இப்படிக்கு,
உன் அம்மா