கலைமதியின் ஃபாரத்தில் எழுதிய சொல்

நவம்பர் 11, திங்கள்

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துவாக்குடி பஸ் ஏறும் முன் பழக்கதோஷத்தில் இரண்டு கொய்யா வாங்கிவிட்டேன். ஒன்று கலைமதிக்கு. அவள்தான் வேலையை விட்டுப் போய்விட்டாளே. இரண்டையும் நானே தின்றேன்.

மூன்று மாத ட்ரையல் முடிந்து வெல்டிங் டெஸ்டில் தோற்றாள். அவள் ஃபாரத்தில் காரணம் என்ற கட்டத்தில் நான் எழுதியது ஒரே சொல்: இன்காம்பிடென்ட். எங்கள் பட்டறையில் யார் வெல்டில் ஓட்டை விழுந்தாலும் சூப்பர்வைசரான நான் அதைத்தான் எழுதுவது. கை தானாக எழுதும்.

நவம்பர் 13

டிக்‌ஷனரி பார்த்தேன். திறமையற்ற. தகுதியற்ற. வேலைக்கு லாயக்கில்லாத. பத்து வருடமாக எழுதும் சொல்லை இன்றுதான் தேடுகிறேன்.

ஃபாரத்தைப் பார்த்த அன்று அவள் கேட்டாள்: "இந்த டெஸ்டுல ஃபெயிலுன்னு எழுதுங்க சார், ஒத்துக்கறேன். எனக்கு வேலையே தெரியாதுன்னு எப்படி எழுதினீங்க?"

"ரூல்ஸ் அப்படி" என்றேன். எந்த ரூல்ஸ்?

நவம்பர் 18

இன்று பெரியண்ணன் வெல்டிலும் ஓட்டை. இருபது வருடக் கை! வெல்டிங் ராடை எடுத்துக் காட்டினார். "நமுத்துப் போயிருக்கு தம்பி. ஓவனை யாரு பாத்துக்கறது?"

நான்தான். மழைக்காலத்தில் ராடை ஓவனில் சூடாக்காமல் கொடுத்தால் வெல்டில் பொடிப்பொடியாக ஓட்டை விழும். ஓவன் நோட்டைப் புரட்டினேன். கலைமதி டெஸ்ட் நாளிலும் என் கையெழுத்து இல்லை. அன்று காலை, பயப்படாதே என்று அவளிடம் பேசிக்கொண்டே நின்றேன். ஸ்விட்சைப் போடவே இல்லை.

பெரியண்ணன் ஃபாரத்தில் அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. அவளுக்கு மட்டும் எப்படி வந்தது?

நவம்பர் 19

சொன்னால் சூப்பர்வைசர் வேலை போகும். காலையில் திருவானைக்காவலில் சத்திரம் பஸ் ஏறியதிலிருந்து காவிரிப் பாலம் தாண்டும்வரை இதே யோசனை. அவள் முகத்தை ஒரு தடவை பாத்தாப் போதும்னு இருக்கு.

நவம்பர் 21

ஓவன் போடாததை முதலாளியிடம் எழுதிக் கொடுத்தேன். அவள் ஃபாரத்தில் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, சூப்பர்வைசர் என்று இருந்த என் பெயருக்கு எதிரில் அதை எழுதினேன்.

"அவ்வளவு பெரிய வார்த்தை எதுக்கு சித்தார்த்தா? மறந்துட்டேன்னு எழுது" என்றார். எனக்கு மட்டும் சின்ன வார்த்தை!

டிசம்பர் 9

சூப்பர்வைசர் இப்போது பெரியண்ணன். நான் ஸ்டோரில். ஏழு மணிக்கே வந்து ஓவன் போட்டேன்.

கலைமதி மறு டெஸ்டுக்கு வந்தாள். ஸ்டோர் ஜன்னலில் ராடுகளைக் கொடுத்தேன். கிளவுஸைக் கழற்றி, புறங்கையைப் பக்கத்தில் வைத்துச் சூடு பார்த்தாள். ஒவ்வொரு ராடாக.

"சரியா இருக்கு" என்று எடுத்துக்கொண்டு போனாள். பாஸ்.

காலையில் சத்திரத்தில் வாங்கிய இரண்டு கொய்யாவும் என் பையில்தான் இருந்தன.